பெயர் எழுதாத பாராசூட்டுகள்

என் கணவர் கார்சனின் அக்கா வெர்லீன் சேவிஸ் இருபது வயதில் ராணுவத்தில் சேர்ந்தாள். வட கரோலினாவின் ராப்சன் கவுண்டியில் எங்கள் லம்பி பழங்குடி இனத்துப் பெண்கள் அந்த நாளில் புகையிலைக் காட்டுக்குப் போவார்கள், இல்லையென்றால் தையல் மில்லுக்கு. நான் பள்ளிக்கூடச் சமையலறைக்குப் போனேன். அக்கா மட்டும் ஒரு தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி, வர்ஜீனியாவில் பாராசூட் மடிக்கும் பள்ளியில் போய்ச் சேர்ந்தாள். மாமனாருக்கு ஒன்றும் புரியவில்லை. "துணி மடிக்கிறதுக்கா பட்டாளத்துக்குப் போறே? அத நம்ம வீட்லயே மடிக்கலாமே" என்றாராம்.

படிப்பு முடிந்ததும் ஃபயட்வில் படைத்தளத்தில் அவளைப் போட்டார்கள். வீட்டிலிருந்து நாற்பது மைல். ஞாயிற்றுக்கிழமைகளில் வருவாள், கறி வறுபடும் வாசனையில் கண்ணை மூடிக்கொண்டு தன் கொட்டகையைப் பற்றிச் சொல்வாள். அங்கே நாற்பதடி நீளத்துக்கு மேசைகள் இருந்தன. மேசை நெடுகிலும் வெள்ளையும் பச்சையுமாகக் குடைத்துணிகள் படுத்திருக்கும். ஆண்களும் பெண்களும் இருபுறமும் நின்று நீவுவார்கள். ஈரமான பாராசூட்டுகளை உலர்த்த ஒரு கோபுரம் உண்டு. உள்ளே படி கிடையாது, மாடி கிடையாது, வெறும் உயரம். அதில் நூறு நூற்றைம்பது துணிகள் மேலிருந்து தொங்கும். வேலை முடிந்தபின் அக்கா அதனடியில் சிமெண்டுத் தரையில் மல்லாந்து படுப்பாளாம். எங்கிருந்தோ ஒரு காற்று நுழையும். அத்தனை துணியும் ஒரே சமயத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு விடும். "கடலுக்கு அடியில படுத்துக்கிட்டு மேல அலையப் பாக்குற மாதிரி இருக்கும்டி ஜெனோலா. எந்திரிக்கவே மனசு வராது" என்பாள் என்னிடம்.

அந்தக் கொட்டகையில் ஒரு சட்டம் இருந்தது. ஒவ்வொரு பாராசூட்டிலும் சின்னப் பை ஒன்று தைத்திருக்கும், அதற்குள் ஒரு கார்டு. மடித்தவர் தன் பெயரையும் தேதியையும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இன்னொன்றும் உண்டு. எந்த நாளும் எந்த அதிகாரியும் வந்து, "நீ மடிச்சதுல ஒண்ணை எடுத்துக்க, வா" என்று விமானத்துக்கு அழைத்துப் போகலாம். தான் மடித்ததைத் தானே கட்டிக்கொண்டு குதிக்கத் தயாராக இல்லாதவர் அங்கே மடிக்க முடியாது. அக்கா அப்படி அறுபத்துமூன்று முறை குதித்திருக்கிறாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பதில் ஒரு சிப்பாய் விழுந்து இறந்துபோனான். பத்தொன்பது வயது, அயோவாக்காரன். கார்டில் இருந்தது அக்காவின் பெயர். உடனே அந்தப் பாராசூட்டைக் கொண்டுவந்து மேசையில் விரித்து, கயிறு கயிறாக, தையல் தையலாக மூன்று நாள் பார்த்தார்கள். அக்காவைச் சுவரோரமாக ஒரு நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். நான்காம் நாள், மடிப்பில் குற்றமில்லை, குதிக்கும்போது பாராசூட்டை இழுத்து விரிக்கிற கொக்கி விமானத்துக்குள் தப்பாக மாட்டப்பட்டிருந்தது என்று எழுதி அவளிடம் ஒரு பிரதி கொடுத்தார்கள். "அந்த மூணு நாளும் நான் செத்தவ. நாலாம் நாள் போய் ரெண்டு தட்டு சாப்பிட்டேன், அந்தப் பையனுக்காக அழுதுக்கிட்டே சாப்பிட்டேன்" என்று சொல்லியிருக்கிறாள்.

எண்பத்துமூன்றில் மாமனாருக்குப் பக்கவாதம் வந்தது. அக்காவை ஜெர்மனிக்கு மாற்றுவதாகப் பேச்சு. மாமியார் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார், கார்சன் அப்போது சாலை போடும் வேலையில் ஊர் ஊராகத் திரிந்துகொண்டிருந்தார். அக்கா ராணுவத்தை விட்டுவிட்டு வீடு வந்தாள். வந்த இரண்டாம் மாதம், இஸ்திரி போட்ட சட்டையில் இரண்டு பேர் வாசலில் நின்றார்கள். பைன் காட்டுக்கு நடுவே ஒரு சிறிய ஓடுபாதை இருப்பது எங்களுக்குத் தெரியும். சரக்கு விமானக் கம்பெனி என்று பலகை இருக்கும். சரக்கு ஏறியோ இறங்கியோ ஒருவரும் பார்த்ததில்லை. அங்கே மடிக்க ஆள் வேண்டும் என்றார்கள். வீட்டிலிருந்து அரைமணி நேரம். அப்பாவைக் காலையில் குளிப்பாட்டிவிட்டுப் போகலாம், சாயங்காலம் வந்து ஊட்டலாம். அக்கா சரி என்றாள்.

அது வாஷிங்டன் பக்கத்து உளவுத்துறைக்காரர்களின் இடம் என்பது கவுண்டி முழுக்கத் தெரிந்த ரகசியம். நாங்கள் பெயர் சொல்ல மாட்டோம். 'வடக்கு ஆபீஸ்' என்போம்.

முதல் நாள் ஒரு பாராசூட்டை மடித்து முடித்ததும் அக்கா பென்சிலை எடுத்துக்கொண்டு கார்டைத் தேடினாள். கொட்டகையின் மேலாளர் கிளைட் ஹபர்ட் சிரித்தார். நல்ல மனிதர்தான், தேவாலயத்தில் பாடுகிறவர்.

"இங்க கார்டு கிடையாது வெர்லீன்."

"பின்ன யார் மடிச்சதுன்னு எப்படித் தெரியும்?"

"இங்க யாரும் எதையும் மடிக்கல. யாரும் எங்கயும் குதிக்கல. போய்க் காபி குடி."

அப்படி அவள் இருபது வருஷத்துக்கு மேல் ஒன்றும் மடிக்காமல் மடித்தாள். யாருக்கு, எந்த ஊருக்கு என்று கேட்கக் கூடாது. துணியின் நிறத்தை வைத்து, போகிற இடம் காடா மணலா என்று யூகிக்கலாம். திரும்பி வந்த பாராசூட்டில் சில சமயம் ஒரு விதை ஒட்டியிருக்கும், செம்மண் இருக்கும், நாங்கள் பார்த்தறியாத ஒரு பூச்சியின் இறக்கை இருக்கும். அக்கா அதையெல்லாம் மெதுவாகத் தட்டிவிட்டு மடிப்பாள். சில பாராசூட்டுகள் திரும்பி வராது. அவற்றைக் காட்டிலேயே புதைத்துவிடுவார்களாம், அது வழக்கம்தான்.

லைல் என்று ஒருவன் அங்கே வருவான். நிஜப் பெயரா என்று யாருக்குத் தெரியும். மற்றவர்கள் வந்தால் பையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். இவன் மட்டும் தன்னுடையதை மடிக்கும்போது கூடவே உட்கார்ந்திருப்பான். கவிழ்த்த பெட்டியொன்றில் உட்கார்ந்து, காகிதப் பையிலிருந்து அவித்த வேர்க்கடலையை எடுத்து உரித்துத் தின்பான். முன்பு ராணுவத்தில் இருந்தவன்.

"அங்க கார்டு இருக்கும், இல்ல? உன் பேர் அதுல இருக்கும்" என்றான் ஒருநாள்.

"இருக்கும்."

"மேல ஏறுறதுக்கு முன்னாடி நான் அத எடுத்துப் படிப்பேன். யாரோ ஒருத்தர், நமக்கு முகம் தெரியாது. ஆனா பேர் இருக்கு. அது ஒரு தைரியம். இதுலயும் எங்கயாவது எழுதேன்."

"எழுதினா எனக்கு வேலை போயிரும், அப்பாவ யார் பாக்குறது?"

அவன் யோசித்தான். "அப்ப எழுத வேண்டாம், சொல்லு. வாயால சொல்லிட்டு மடி. துணிக்குக் காது இருந்தா கேட்டுக்கட்டும்."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. என்றாலும் குனிந்து அந்த வெள்ளைத் துணிக்குள், "வெர்லீன் சேவிஸ் மடிச்சது" என்று சொன்னாள். அன்று முதல் அவனுடையதை மடிக்கும்போதெல்லாம் அப்படிச் சொல்வது வழக்கமாயிற்று. அவர்களுக்குள் வேறெதுவும் இருந்ததா என்று நான் ஒருமுறை சீண்டினேன். "வேர்க்கடலைத் தோல் இருந்துச்சு, கூட்டித் தள்ளினேன்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். காது சிவந்திருந்தது.

எண்பத்தேழு நவம்பரில் மாமனார் இறந்தார். ஒன்பதாம் நாள் அக்கா வேலைக்குப் போனாள். வீட்டில் யாரும் போகச் சொல்லவில்லை. காலையில் எழுந்து குளிப்பாட்ட ஆளில்லாமல் கை சும்மா இருக்கிறது, போகிறேன் என்றாள். அன்று மடித்தது லைலுடையது. அவன் வந்து உட்கார்ந்தான். கடலை தின்னவில்லை, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தான். அக்காவின் கண் நிறைந்து நிறைந்து வழிந்தது. புறங்கையால் துடைத்துத் துடைத்து மடித்தாள். முடிந்ததும் அவன் அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

அவனுடைய பழைய பிக்கப் வண்டி கொட்டகைக்குப் பின்னால் பைன் மரங்களின் கீழே நின்றது. எப்போதும் இரண்டு வாரத்தில் வந்து எடுத்துக்கொண்டு போவான். கிறிஸ்துமஸ் வந்தது. வண்டியின் மேல் பைன் இலைகள் விழுந்துகொண்டே இருந்தன, ஊசி ஊசியாக, பழுப்பாக. ஜனவரியில் கண்ணாடி தெரியவில்லை. பிப்ரவரியில் அது வண்டி போலவே இல்லை, காட்டுக்குள் ஏதோ ஒரு மிருகம் ரோமம் போர்த்துப் படுத்திருப்பது போல இருந்ததாம். மார்ச் மாதம் ஒரு திங்கட்கிழமை காலை பார்த்தால், தரையில் வண்டி அளவுக்கு ஒரு வெற்று இடம்.

அக்கா நேராகக் கிளைட் ஹபர்ட்டிடம் போனாள். "அந்த வண்டி எங்க?"

"எந்த வண்டி?"

"கிளைட். என் மூஞ்சியப் பாரு."

அவர் பார்க்கவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்து மூடினார். "எனக்குச் சொல்ல மாட்டாங்க வெர்லீன். சத்தியமா எனக்குத் தெரியாது. தெரிஞ்சா நான் ராத்திரி தூங்க மாட்டேன்னு அவங்களுக்குத் தெரியும்."

அதன் பிறகுதான் அந்தக் கனவு வர ஆரம்பித்தது. ஒரே கனவு. வெள்ளை வானம். ஒரு பாராசூட் இறங்கிக்கொண்டிருக்கிறது. அது விரிந்திருக்கிறதா, சுருங்கியிருக்கிறதா என்று தெரியாத தூரம். அவள் தலையை நிமிர்த்திப் பார்த்தபடி வயலில் ஓடுகிறாள். அது இறங்குகிறது, இறங்குகிறது, தரைக்கு வருவதே இல்லை. பயங்கரக் கனவு இல்லை, அழகாகத்தான் இருக்கும் என்பாள். அழகாக இருப்பதுதான் அவளைக் கொன்றது. காலையில் எழுந்து என் சமையலறைக்கு வந்து உட்கார்ந்து, மேசைத்துணியில் விரலால் அந்த நாளின் மடிப்பை மறுபடி போட்டுப் பார்ப்பாள். இங்கே நீவினேன், இங்கே திருப்பினேன், இங்கே கண்ணைத் துடைத்தேன். துடைத்தபின் இந்தக் கயிறு எந்தப் பக்கம் இருந்தது?

"அக்கா, காபி ஆறுது" என்பேன்.

"ம்" என்பாள். பதினேழு வருஷம்.

அவளைக் கல்யாணம் செய்துகொள்ள இரண்டு பேர் கேட்டார்கள், அதில் ஒருவர் தங்கமான மனுஷர். அவள் கேட்டது போலவே காட்டிக்கொள்ளவில்லை.

இரண்டாயிரத்து நான்கில் நாட்டின் பெரிய விசாரணைக் குழு ஒன்று தடித்த அறிக்கை ஒன்றை வெளியிட்டது. ரகசியமாக ஆயுதம் ஏந்திச் செய்கிற வேலைகளை இனி உளவுத்துறை செய்ய வேண்டாம், ராணுவத்திடம் கொடுத்துவிடலாம் என்பது அதில் ஒரு யோசனை. அப்படிச் செய்யலாமா கூடாதா என்று ஆராய ஆட்கள் கிளம்பினார்கள். இரண்டு பக்கமும் வேலை பார்த்தவர்கள் யார் யார் என்று தேடியதில் அக்காவின் பெயரும் யாருக்கோ கிடைத்திருக்கிறது. மறு ஆண்டு வசந்தத்தில், டாக்வுட் மரங்கள் வெள்ளையாகப் பூத்திருந்த ஒரு மத்தியானம், இரண்டு பேர் ஒரே காரில் வந்து இறங்கினார்கள். இறங்கும்போதே சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஒருவர் ஓய்வுபெற்ற கர்னல் ப்ரூயிட். ஆறடிக்கு மேல், இஸ்திரி போட்டு நிறுத்தியது போன்ற முதுகு. இன்னொருவர் வடக்கு ஆபீஸைச் சேர்ந்த திருமதி வோஸ். ஐம்பத்தைந்து வயதிருக்கும், குட்டையாக, நூலகக்காரம்மா போல மூக்குக் கண்ணாடி. நான் அடுப்பில் சோளமாவு ரொட்டி பொரித்துக்கொண்டிருந்தேன். காலர்டு கீரை வெந்துகொண்டிருந்தது.

"இந்த அம்மா கொஞ்சம் வெளிய இருக்கட்டும்" என்றார் திருமதி வோஸ்.

"ரொட்டி கருகிரும்" என்றேன்.

"அவ என் தம்பி பொண்டாட்டி. அவளுக்குத் தெரியாத விஷயம் எனக்கே தெரியாது" என்றாள் அக்கா. கடைசியில் ரொட்டியை எடுத்து வைத்துவிட்டு நான் திரைக் கதவுக்கு அந்தப் பக்கம் படியில் உட்கார்ந்து பட்டாணி உரித்தேன். கம்பிவலைக் கதவுதான், ஒரு வார்த்தை தப்பவில்லை.

அக்கா இருவருக்கும் எங்கள் ஊர் முறைப்படி இரண்டு ரொட்டிக்கு நடுவில் கீரையும் வறுத்த பன்றிக் கொழுப்பும் வைத்துக் கொடுத்தாள். கர்னல் கத்தி, முள்கரண்டி கேட்டார்.

"பாத்தீங்களா, கையால சாப்பிடறதுக்கும் இவங்களுக்கு உபகரணம் வேணும்" என்றார் திருமதி வோஸ்.

"எங்க கை எங்க இருக்குன்னு நாங்க சொல்லுவோம் மேடம். உங்க கை எங்க இருக்குன்னு உங்களுக்கே தெரியாது."

"உங்க ஆளுங்க ஒரு கிராமத்துக்குப் போகணும்னா என்ன ஆகும்? நூறு பேர் வருவாங்க, கூடாரம் அடிப்பாங்க, ஐஸ்கிரீம் மெஷின் இறங்கும். எங்க ஆள் ரெண்டு பேர் செருப்பு போட்டுக்கிட்டுப் போவான். அந்த ஊர்த் தலைவனோட உக்காந்து டீ குடிப்பான். அவன் பேரன் பேர் கேப்பான். வேலை முடிஞ்சிரும்."

"முடியும். பிடிபட்டா? எங்க ஆள் உடுப்போட பிடிபட்டா அவன் கைதி. அவனுக்குச் சட்டம் இருக்கு. உங்க ஆள் பிடிபட்டா, இந்த நாடே திரும்பி நின்னு 'யாரு அவன்?'னு கேக்கும். அதோட, ஒரே வேலைக்கு எதுக்கு ரெண்டு கடை? ரெண்டு துப்பாக்கி, ரெண்டு விமானம், ரெண்டு பயிற்சி."

"ராணுவம் போய் இறங்கினா அதுக்குப் பேர் போர் கர்னல். அதனாலதான் எங்கள வெச்சிருக்காங்க."

"போருக்குப் போர்னு பேர் வைக்கிறதுல என்ன வெக்கம் உங்களுக்கு?"

திருமதி வோஸ் கீரையை மென்றுகொண்டிருந்தார். பிறகு, "சில சமயம் போர் வேண்டாம்னுதான் நாங்க போறோம்" என்றார் மெதுவாக. "நாலு பேர் போய் முடிச்சா, நாப்பதாயிரம் பேர் போக வேண்டாம். அப்படியும் நடந்திருக்கு. அத யாரும் எழுத மாட்டாங்க."

வெளியே வெயில் மரங்களின் மேல் தூங்கிக்கொண்டிருந்தது. எங்கோ ஒரு மரங்கொத்தி தட்டிவிட்டு நிறுத்திற்று.

"நீங்க சொல்லுங்கம்மா. ரெண்டு இடத்துலயும் இருந்தவங்க. யார் பண்ணணும் இந்த வேலைய?" என்றார் கர்னல்.

என் கையில் ஒரு பட்டாணிக்காய் உரிபடாமலே இருந்தது.

"எனக்கு அவ்வளவு படிப்பு இல்ல" என்றாள் அக்கா. "ரெண்டு பேர் சொல்றதும் சரியாத்தான் படுது. ஆனா ரெண்டு பேருமே போறவனப் பத்தியே பேசறீங்க. அவன் வேகமாப் போவானா, சட்டப்படி போவானான்னு. அவன அனுப்பினவங்களப் பத்திப் பேச மாட்டேங்கறீங்க. பட்டாளத்துல ஒரு பையன் செத்தான். என் பேர் அதுல இருந்துச்சு. மூணு நாள் என்னய நாற்காலியில வெச்சு வறுத்தாங்க. நாலாம் நாள் பதில் சொன்னாங்க. இங்க ஒருத்தன் போனான். அன்னைக்கு நான் அழுதுக்கிட்டே மடிச்சேன். எங்கப்பா செத்து ஒன்பது நாள். அவன் வரல. நான் மடிச்சது விரிஞ்சுதா இல்லியா? பதினேழு வருஷமா எனக்கு அது ஒண்ணுதான் கேள்வி. கேக்க ஒரு கதவு இல்ல. கிளைட்டுக்குத் தெரியாது. கிளைட்டுக்கு மேல யார்னு எனக்குத் தெரியாது. யார் வேணா செய்ங்க. போனவன் என்ன ஆனான்னு போய்த் தட்டிக் கேக்க ஒரு கதவு இருக்கற வீடா இருக்கட்டும். இல்லாட்டி அந்த வேலையே வேண்டாம்."

கர்னல் தொண்டையைச் செருமினார். "நாங்க தேடிப் பாக்கறோம்மா" என்றார்.

"உங்களால முடியாது கர்னல்" என்றார் திருமதி வோஸ். "அந்தக் காகிதம் உங்க வீட்ல இல்ல." சொல்லிவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி துடைத்தார். அக்காவைப் பார்த்து, "எந்த வருஷம்?" என்று மட்டும் கேட்டார்.

ஜூலையில் கடிதம் வந்தது. ஒரு முகவரி, ஒரு தேதி, அடையாள அட்டை கொண்டுவரவும் என்ற ஒரு வரி. நான்தான் காரை ஓட்டினேன். வடக்கே ஐந்து மணிநேரம். அக்கா வழியெல்லாம் ஜன்னல் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு வந்தாள். பீச் பழத்தோட்டங்கள், சோயா வயல்கள், ஆற்றுப்பாலங்கள் எல்லாம் வெயிலில் கரைந்து கரைந்து போயின. இடம் என்னவோ பெரிய கோட்டை மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன். பல் மருத்துவர் ஒருவரின் அறைக்கும் கார்ப்பெட் கடைக்கும் நடுவில் ஒரு சாம்பல் கதவு. திருமதி வோஸ் அதைத் திறந்துவிட்டார். என்னை உள்ளே விடவில்லை. நான் பார்க்கிங்கில் மேப்பிள் மரத்தடியில் உட்கார்ந்து, வழியில் வாங்கிய பீச் பழங்களை ஒவ்வொன்றாகத் தின்று தீர்த்தேன். பல் மருத்துவரிடம் வந்த ஒரு குழந்தை போகும்வரை அழுதுகொண்டிருந்தது.

முக்கால் மணி கழித்து அக்கா வந்தாள். வெளியில் சொல்ல மாட்டேன் என்று ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஒரே ஒரு பக்கத்தைக் கால்மணி நேரம் படிக்கக் கொடுத்தார்களாம். பாதி வரிகளில் கறுப்பு மை. எந்த நாடு, எதற்குப் போனான் என்பதெல்லாம் அந்த மைக்கு அடியில். திருமதி வோஸ் இரண்டு முறை மேலே கேட்டு இரண்டு முறையும் மறுத்திருக்கிறார்கள். ஆராய்ச்சிக்குத் தேவை என்று எழுதி மூன்றாம் முறை வாங்கியிருக்கிறார். என்னிடம் ஒன்று மட்டும் சொல்லலாமா என்று அக்கா அவரைக் கேட்டதற்கு, அவர் கூரையைப் பார்த்தபடி, "நான் தண்ணி குடிக்கப் போறேன்" என்று எழுந்து போய்விட்டாராம்.

காரில் ஏறிக் கதவைச் சாத்தினாள். பெல்ட் போட்டாள். முன்னால் பார்த்தபடி சொன்னாள்: "விரிஞ்சுதுடி ஜெனோலா. நல்லா விரிஞ்சுது. இறங்கி, அதுக்கப்புறம் பதினோரு நாள் நடந்திருக்கான்."

"அப்புறம்?"

"காய்ச்சல்."

நான் வண்டியைக் கிளப்பவில்லை. அவள் அழவில்லை. "பதினோரு நாள்" என்று இன்னொருமுறை சொன்னாள், ஒரு பண்டத்தை வாயில் வைத்து ருசி பார்ப்பது போல. பிறகு தூங்கிப்போனாள். வட கரோலினா எல்லை தாண்டி, இருட்டுவதற்குள் வீடு வந்து சேரும்வரை தூங்கினாள். வீட்டில் இறக்கிவிட்ட பிறகும் இரண்டு நாள் தூங்கினாள். கார்சன் பயந்துபோய் மூக்கருகே கை வைத்துப் பார்த்தார். மூன்றாம் நாள் எழுந்து முட்டை கேட்டாள், நான்கு முட்டை.

கோடை முடிந்ததும் முடிவு தெரிந்தது. ஆராய்ந்த இரண்டு தரப்பும், மாற்ற வேண்டாம், இருப்பது போலவே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டன. பத்திரிகையில் உள்பக்கத்தில் சின்னச் செய்தி. கர்னல் ப்ரூயிட் போன் செய்தார். "என் பக்கத்து ஆளுங்களே வேண்டாம்னுட்டாங்கம்மா! எங்களுக்கே வேணாமாம்! அந்தப் பொம்பளை சிரிச்சிருப்பா" என்று கால்மணி நேரம் புலம்பினார்.

அக்கா மறுநாள் கொட்டகைக்குப் போய்க் கிளைட் ஹபர்ட்டின் மேசைமேல் நூறு வெள்ளைக் கார்டுகள் அடங்கிய கட்டு ஒன்றை வைத்தாள். "இன்னையிலேருந்து எழுதப்போறேன். வேணாம்னா இப்பவே சொல்லு, வீட்டுக்குப் போறேன்."

அவர் வெகுநேரம் கார்டுகளைப் பார்த்தார். பாராசூட்டுக்குள் வைக்க முடியாது, எதிரி கையில் கிடைத்தால் வம்பு என்றார். அது அக்காவுக்கும் நியாயமாகப் பட்டது. கடைசியில் ஓர் இரும்புப் பெட்டி வாங்கினார்கள். பாராசூட்டில் ஓர் எண், பெட்டிக்குள் அதே எண்ணில் ஒரு கார்டு, கார்டில் மடித்தவர் பெயர். போனவர் வராவிட்டால் அந்தப் பெட்டியைத் திறந்து, மடித்தவரைக் கூப்பிட்டு, தெரிந்ததைச் சொல்ல வேண்டும். மேலிடத்தில் கேட்டார்களா என்று எனக்குத் தெரியாது. கிளைட் சொன்னாராம்: "இங்க பெட்டியே இல்ல வெர்லீன். இல்லாத பெட்டிக்கு யார் அனுமதி கேக்கறது?" அவள் ஓய்வுபெறும் வரை அதை இரண்டு முறை திறந்தார்கள். என்ன சொன்னார்கள் என்பதை அக்கா என்னிடம் சொன்னதில்லை. நானும் கேட்கவில்லை. இரண்டு முறையும் தேவாலயத்துக்குப் போய்த் தனியாக உட்கார்ந்திருந்துவிட்டு வந்தாள்.

இப்போது அவளுக்கு எழுபது. தட்டையான சின்னப் படகு ஒன்று வைத்திருக்கிறாள். மாலையில் நாங்கள் இருவரும் லம்பர் ஆற்றில் போவோம். தண்ணீர் டீ டிகாக்ஷன் போலக் கறுத்திருக்கும். அதில் வானம் அப்படியே விழுந்திருக்கும். துடுப்பை எடுத்துவிட்டால் மேலே போகிறோமா கீழே போகிறோமா என்றே தெரியாது. போன வாரம் ரேடியோவில் யாரோ மறுபடி அதே பேச்சை எடுத்திருந்தார்கள். ராணுவத்திடம் கொடுக்கலாமா, உளவுத்துறையிடமே விடலாமா என்று. நான் அதைச் சொல்லி, "நீ என்ன சொல்றே அக்கா, இப்பக் கேட்டா?" என்றேன்.

அவள் படகின் மூக்கில் சாய்ந்து, தொப்பியை முகத்தில் கவிழ்த்திருந்தாள்.

"பட்டாளத்துக்கே குடுக்கலாம்னு சில நாள் தோணுது. அந்த வோஸ் பொம்பளை சொன்னது சில நாள் ஞாபகம் வருது, நாலு பேர் போனா நாப்பதாயிரம் பேர் போக வேண்டாம்னு. எனக்குத் தெரியலடி" என்றாள். பிறகு, "ஒரு ஆமை" என்று கையை நீட்டினாள்.

மரக்கட்டையில் ஏறி உட்கார்ந்திருந்த ஆமை எங்களைப் பார்த்தது. யோசித்தது. தண்ணீரில் இறங்கிற்று. வட்டங்கள் விரிந்து வந்து படகைத் தொட்டன. நான் துடுப்பைப் போட்டேன். கார்சனுக்கு இரவுச் சாப்பாடு இன்னும் செய்யவில்லை.